நியூ ஆர்லியன்ஸுக்கு மூன்று மதிப்பெண்

பெலிண்டாவுக்கு முப்பத்தேழு வந்திருந்தது. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

அனுசுயாவால் அதை நம்ப முடியவில்லை. வாரநாட்களில் அவள் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். பதினோரு வருடமாக அந்தக் கௌரவம் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு கடிதத்தில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. படிப்பவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். அந்த நாற்பது பேரில் அமெரிக்க வரலாற்றைக் காது கொடுத்துக் கேட்டவள் பெலிண்டா ஒருத்திதான். மற்றவர்கள் வருகைப் பதிவுக்காக வந்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கினார்கள், "முக்கியமான கேள்வி மட்டும் சொல்லிடுங்க மேடம்" என்றார்கள். அவர்கள் அத்தனை பேரும் பாஸ்.

பெலிண்டா போனில் அழவில்லை.

"இந்தியா பாஸ் மேடம், சீனா பாஸ், ஐரோப்பா பாஸ். அமெரிக்கா மட்டும் எனக்கு விசா தர மாட்டேங்குது."

"விளையாடாதீங்க பெலிண்டா. நல்லா எழுதினேன்னுதானே சொன்னீங்க?"

"நல்லாத்தான் எழுதினேன். நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதினேன்."

பெலிண்டாவுக்கு முப்பத்தெட்டு வயது. அனுசுயாவைவிட ஒரு வயது மூத்தவள். பாலக்கரையில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக வேலை. யூ.கே.ஜி. பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைப்பதெல்லாம் அவள்தான், ஆனால் பதிவேட்டில் அவள் உதவியாளர். இந்த வருடம் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது: ஆகஸ்ட் முடிவதற்குள் பி.எட். சேர்ந்த சான்று கொண்டுவந்தால் வகுப்பு தருவோம், இல்லாவிட்டால் செப்டம்பரிலிருந்து பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைதான். பி.எட். சேர வேண்டுமென்றால் பி.ஏ. முடிந்திருக்க வேண்டும். பி.ஏ. முடிய இந்த ஒரு தாள்தான் பாக்கி. அந்தத் தாளுக்கு மூன்று மதிப்பெண் பாக்கி.

விண்ணப்பம் போட்டுப் பத்து நாளில் விடைத்தாளின் நகல் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் இருவரும் உட்கார்ந்து அதைப் பிரித்தார்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் சுமாராகப் போட்டிருந்தார்கள். பதினேழாவது கேள்வியில் அனுசுயாவின் விரல் நின்றது. '1812ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் தேசிய உணர்வு வளர்ந்ததை விளக்குக.' பெலிண்டா இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு. ஓரத்தில் 'தவறு' என்று ஒரு சொல். பத்துக்கு மூன்று.

அடிக்கப்பட்ட பத்தியை அனுசுயா படித்தாள். அவளுடைய வகுப்பு அப்படியே தாளில் இருந்தது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஐரோப்பாவில் கெண்ட் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1814 டிசம்பர் இருபத்துநான்கு. அந்தச் செய்தி கப்பலில் கடல் தாண்டி வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் ஜனவரி எட்டாம் தேதி நியூ ஆர்லியன்ஸில் பெரிய சண்டை நடந்து அமெரிக்கா ஜெயித்துவிட்டது. தலைநகருக்கு முதலில் வந்தது வெற்றிச் செய்தி. பத்து நாள் கழித்துத்தான் சமாதானச் செய்தி வந்தது. நாம் அடித்தோம், அவன் பணிந்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்தப் போரில் யாருக்கும் ஒரு பிடி மண்கூட லாபமில்லை. ஆனாலும் அந்தப் பெருமிதத்தில்தான் ஒரு நாடு தன்னை நாடாக உணர்ந்தது. தேசிய வங்கி, உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரி, சாலை, கால்வாய் எல்லாம் அந்த வேகத்தில் வந்தவை.

வகுப்பில் இதைச் சொன்ன அன்று பெலிண்டா கையைத் தூக்கி, "அப்போ வாட்ஸ்ஆப் இருந்திருந்தா அந்தச் சண்டையே நடந்திருக்காது இல்ல மேடம்?" என்று கேட்டாள். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அனுசுயாவுக்கு அந்த வருடத்தில் நல்ல நாள் என்று ஒன்று இருந்தால் அது அன்றுதான்.

"என்ன மேடம் தப்பு?" என்றாள் பெலிண்டா.

"தப்பே இல்ல."

"பின்ன ஏன் அடிச்சிருக்காங்க?"

அனுசுயா சாத்துக்குடி ஜூஸைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். 'இதன் விளைவாக' என்ற இரண்டு சொற்கள்தான்.

பதினோரு வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றுக்கு ஒழுங்கான புத்தகம் எதுவும் இல்லை. அனுசுயா எட்டாம் வகுப்புவரை தொட்டியத்தில் தமிழில் படித்தவள், பிறகு திருச்சியில் கன்னியர் நடத்திய பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவள். இரண்டு பாஷையும் கைவசம் இருந்தது. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய், அப்பாவின் வாழைத்தோப்பு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து நூற்று நாற்பது பக்கம் கையால் எழுதினாள். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஹாலித் பாய் அதை டைப் அடித்து மஞ்சள் அட்டை போட்டார். எழுதியவர் பெயர் இல்லை. கௌரவ விரிவுரையாளர்கள் நோட்ஸ் போடக் கூடாது என்று அப்போது துறையில் ஒரு வாய்மொழி உத்தரவு இருந்தது.

"தேதி நிறைய வேணாம் மேடம், பசங்க பயப்படுவாங்க" என்று பாய் சொன்னார். அவள் தேதிகளை எடுத்துவிட்டாள். தேதி போனதும் எது முந்தி, எது பிந்தி என்பதும் போய்விட்டது. பாயிண்டுகளைப் பெரியது முதலில், சின்னது பிறகு என்று அடுக்கினாள். ஒரு பாயிண்டிலிருந்து அடுத்ததற்குப் போக எல்லா நோட்ஸிலும் போடுவதுபோல 'இதன் விளைவாக' என்று போட்டாள். 'நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கா மகத்தான வெற்றி கண்டது. இதன் விளைவாக, பணிந்துபோன இங்கிலாந்து கெண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.' வாக்கியம் கம்பீரமாக இருந்தது. எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்த்தாள்.

மூன்று வருடம் கழித்து வேறொரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தவறு கண்ணில் பட்டது. பாயிடம் போய்ச் சொன்னாள். அடுத்த பதிப்பில் மாற்றலாம் என்றார். வகுப்பில் சரியாகச் சொன்னால் போதும் என்று அவளும் இருந்துவிட்டாள். பணி நிரந்தரமானதும் தன் பெயரோடு திருத்திப் புதிதாகப் போடலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. பணி நிரந்தரமாகவில்லை.

பெலிண்டாவிடம் அப்போது இதைச் சொல்லவில்லை. "நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஹாலித் பாய் கடையில் இப்போது மூன்று இயந்திரங்கள். கூட்டம் குறையும்வரை அனுசுயா ஓரமாக நின்றாள்.

"பாய், மஞ்சள் அட்டையில ஒரு வரி மாத்தணும்."

"மறுபடியுமா? போன தடவை கேட்டப்பவே சரின்னு சொன்னேனே மேடம்."

"போன தடவை கேட்டு எட்டு வருஷம் ஆச்சு."

"பாருங்க. எட்டு வருஷமா ஒருத்தன்கூடத் தப்புன்னு வந்து நிக்கலை. நம்ம சரக்கு அப்படி."

"தப்பு பாய் அது. ஒரு பொம்பளை அதனால ஃபெயிலாகி நிக்கிறாங்க."

"நோட்ஸைப் படிச்சா?"

"படிக்காம."

பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "அப்போ நோட்ஸ் மேல என்ன தப்பு மேடம்? எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா யாருக்கும் கஷ்டமில்லை. நீங்க ஒருத்தருக்கு மட்டும் சரியாச் சொல்லிக் கொடுத்தீங்க பாருங்க, அங்க வந்தது வினை."

அவளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய முகத்தைப் பார்த்து பாயே இரக்கப்பட்டு, கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "இந்தாங்க. நீங்களே மாத்துங்க. அல்லா மேல ஆணையா இனிமே இதைத்தான் போடுவேன்."

இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டாள். இரண்டு தேதிகளையும் போட்டாள். 'இதன் விளைவாக' என்பதை அழித்தாள். எட்டு வருடம் நெஞ்சில் உறுத்திய முள் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று எழுந்தபோது பாய் சொன்னார்: "ஆனா மேடம், பெரம்பலூர்ல ஒருத்தன் இதையே பச்சை அட்டை போட்டு விக்கிறான். கும்பகோணத்துல நீலம். டெலிகிராம்ல பிடிஎஃப் சும்மாவே கிடைக்குது. அதையெல்லாம் நீங்க எந்தக் கம்ப்யூட்டர்ல போய் மாத்துவீங்க?"

அடுத்த நாள் மாலை பேராசிரியர் பீமராவைப் பார்க்கப் போனாள். ஓய்வு பெற்றவர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குத் தலைவர் அவர்தான், எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்று விடைக்குறிப்பு தயாரித்ததும் அவர்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் இரண்டாவது மாடியில் வீடு. அனுசுயாவின் வாடகை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

"வாம்மா அனுசுயா. உக்காரு."

பெலிண்டாவின் விடைத்தாளை அவர் பொறுமையாக முழுவதும் படித்தார். "நன்னா எழுதியிருக்காளே!"

"இதுக்கு மூணு மார்க் சார்."

"தெரியறது."

"அவங்க எழுதினதுதான் சார் சரி. உடன்படிக்கை டிசம்பர், சண்டை ஜனவரி."

"எனக்குத் தெரியாதாம்மா? முப்பது வருஷம் இதே பாடம் நடத்தியிருக்கேன். ரெண்டு நாட்டு ஒப்புதலும் பிப்ரவரியிலதான் முடிஞ்சுது, அதுவரைக்கும் போர் நடப்புலதான் இருந்ததுன்னு வேணா வாதாடலாம்."

"வாதாடலாம் சார். ஆனா ஜனவரியில ஜெயிச்சதாலதான் டிசம்பர்ல கையெழுத்துப் போட்டான்னு வாதாட முடியாதே."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "முகாம்ல முதல் நாள் முன்னூறு பேப்பரைப் பிரிச்சுப் பாத்தேன். இருநூத்தித் தொண்ணூறுல ஒரே வாக்கியம். ஒரு எழுத்து மாறலை. தப்புன்னு அடிச்சா மூணு மாவட்டம் அவுட். அப்புறம் பத்திரிகைல வரும், விசாரணைன்னு வருவா. அதனால அந்த வாக்கியத்தையே ஆன்சர் கீயில போட்டேன். வேற வழி சொல்லு."

"ரெண்டுக்கும் மார்க்னு போட்டிருக்கலாமே சார்?"

"திருத்தறவா ஒரு நாளைக்கு நாப்பது பேப்பர் திருத்தணும்மா. கீயில ரெண்டு எதிரெதிர் பதில் இருந்தா, எது சரி சார்னு என் மேஜை முன்னாடி க்யூ நிக்கும்."

"மறுமதிப்பீடு போட்டா?"

"போடலாம். அப்பவும் அதே கீதான். முடிவு வர அக்டோபர் ஆகும். ஜூலை கடைசில துணைத்தேர்வு இருக்கு. எழுதச் சொல்லு. நோட்ஸ்ல இருக்கறபடி எழுதச் சொல்லு." தாளை மடித்து அவளிடம் நீட்டினார். "அந்த மஞ்சள் அட்டையை எழுதின மகானுபாவன் மட்டும் என் கைல கிடைச்சான்னா..."

"நான்தான் சார் எழுதினேன்."

உள்ளே குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீயா?"

"ஆமா சார்."

அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவரோ, "தமிழ் நன்னா இருக்கும்மா. ஒருதரம் படிச்சா மனசுல நிக்கறது. கஷ்டமே அதுதான்" என்றார். வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, "உன் புதுப்பித்தல் ஃபைல் இந்த மாசம் மேல போறது. இதை வேற யார்கிட்டயும் சொல்லிண்டு இருக்காதே" என்றார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. அனுசுயாவுக்கு யார்மேலாவது மோத வேண்டும் போல இருந்தது. தவறு செய்தது அவள். அதை ஒப்புக்கொண்டதும் அவள். ஒப்புக்கொண்டும் ஒரு மதிப்பெண் நகரவில்லை. இருநூற்றுத் தொண்ணூறு பேரைப் பாஸாக்கிய வாக்கியத்துக்குச் சொந்தக்காரி என்று பாராட்டு வாங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை மதியம் பாலக்கரைக்குப் போனாள். பள்ளி வேன்கள் கிளம்பிய பிறகு பெலிண்டா கேட்டுக்கு வெளியே வந்தாள். கழுத்தில் விசில், கையில் யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்.

அனுசுயா எல்லாவற்றையும் சொன்னாள். பாய் கடை, பீமராவ் வீடு, கடைசியில் மோட்டார் கொட்டகை.

"இருங்க மேடம். எனக்குப் புரியற மாதிரி நானே சொல்லிப் பாக்கறேன். நீங்க எழுதினதை நம்பினவங்க எல்லாம் பாஸ். நீங்க சொன்னதை நம்பினவ ஃபெயில்."

"ஆமா."

"மாதாவே!" பெலிண்டா பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "இதை என் புருஷன்கிட்ட சொன்னா, உன் டீச்சரம்மாவும் நீயும் சேர்ந்து அமெரிக்காவைக் காப்பாத்துங்கம்பாரு. கிண்டல் பண்றதுக்கு வீட்டுல ஆள் ரெடியா இருக்கு."

"மன்னிச்சுக்கங்க பெலிண்டா."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். துணைத்தேர்வுல இது வந்தா எதை எழுதணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"தேதியைப் போட்டு, சண்டையோட பெருமையையும் கொஞ்சம் சேர்த்து, ரெண்டுக்கும் பொதுவா..."

"மேடம்." பெலிண்டா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "எனக்குச் சாமர்த்தியமா எழுதத் தெரியாது. சாமர்த்தியம் இருந்தா பன்னெண்டு வருஷம் உதவியாளரா இருந்திருப்பேனா? சரியா, தப்பா? ஒண்ணு சொல்லுங்க."

அனுசுயா பள்ளிச் சுவரில் வரைந்திருந்த யானையைப் பார்த்தாள். அதன் தும்பிக்கை இருந்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. நோட்ஸ்படி எழுதுங்க என்று சொல்ல மூன்று சொற்கள்கூட வேண்டாம். அவள் வாய் திறக்கவில்லை. பெலிண்டா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, நானே பாத்துக்கறேன்" என்று உள்ளே போனாள். சொல்லாமல் விட்டது நேர்மையா, கோழைத்தனமா என்று பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை யோசித்தும் அனுசுயாவுக்கு விளங்கவில்லை.

துணைத்தேர்வு அன்று கண்காணிப்பாளர் பட்டியலில் அனுசுயாவின் பெயர் இருந்தது. அறை எண் ஒன்பது. மூன்றாவது வரிசையில் பெலிண்டா. வினாத்தாளைக் கொடுக்கும்போதே அனுசுயா பார்த்துவிட்டாள். பதினாறாவது கேள்வி. '1815க்குப் பின் அமெரிக்க தேசிய உணர்வு வளர்ந்த விதத்தை ஆராய்க.' கேள்வி தயாரிக்கிறவரும் மஞ்சள் அட்டையைத்தான் புரட்டுகிறார்.

ஒவ்வொரு விடைத்தாளின் முகப்பிலும் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அனுசுயா வேண்டுமென்றே கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். பெலிண்டாவின் மேசைக்கு வந்தபோது அவள் மூன்றாவது பக்கத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். எழுதிய பக்கங்களை மூடி, முகப்பைத் திருப்பி நீட்டினாள். அனுசுயா கையெழுத்திடும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மூன்று மணிநேரம் முடிந்து வெளியே வரும்போதும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "வேன் வந்துடும் மேடம், போயிட்டு வரேன்" என்று பெலிண்டா ஓடினாள்.

ஆகஸ்ட் பதினெட்டில் முடிவு வந்தது. ஐம்பத்தாறு. என்ன எழுதினாள் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. பி.எட். சேர்ந்த அன்று பெலிண்டா போன் செய்தாள். யூ.கே.ஜி. 'பி' பிரிவு அவளுக்கே என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கோபமா மேடம்?"

"உங்க மேல எனக்கென்ன கோபம்?"

"எழுதும்போது என் யூ.கே.ஜி. பிள்ளைங்க ஞாபகம்தான் வந்துச்சு மேடம். குழந்தைங்க அஞ்சைத் திருப்பிப் போட்டா நான் அழிச்சு அழிச்சுத் திருத்துவேன். என்னை நானே... சரி விடுங்க. வேலை நிலைச்சுது."

"அதுதான் முக்கியம்" என்றாள் அனுசுயா. அது பொய்யில்லை. அவளுக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளை அதிகமாக எரிச்சல்படுத்தியது.

அனுசுயாவின் புதுப்பித்தல் கடிதமும் வந்திருந்தது. பன்னிரண்டாவது வருடம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஞாயிறு வகுப்பு தொடங்கி, மூன்றாவது வாரம் 1812 போர் வந்தது. அனுசுயா பலகையில் இரண்டு தேதிகளையும் எழுதினாள். கப்பலையும் ஏழு வாரத்தையும் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண் பச்சை அட்டையை உயர்த்திக் காட்டினாள்.

"மேடம், இதுல வேற மாதிரி இருக்கே. ஜெயிச்சதாலதான் கையெழுத்துப் போட்டாங்கன்னு போட்டிருக்கு. பரீட்சையில எதை எழுதறது?"

அனுசுயா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"பரீட்சையில நோட்ஸ்படி எழுதுங்க" என்றாள். "நடந்தது இது."

முதல் வாக்கியத்தை நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது வாக்கியத்துக்குப் பேனாக்கள் நின்றுவிட்டன.